தோணி கட்டிய தந்தை

1976ஆம் ஆண்டில் இராமேசுவரத்தில் முதியவர் ஒருவர் வபாத்தானார். அகவை நூறைக் கடந்த பெரியவர். அவருக்காக எங்கும் கொடி தாழ்த்தப்படவில்லை. எந்த நாளிதழும் இரங்கற் குறிப்பு எழுதவில்லை. 39 ஆண்டுகள் கழிந்தன. 2015 ஜூலை 30ஆம் நாள் அதே தீவிலுள்ள பேய்க்கரும்பில் அவருடைய மகனார் முழு அரசு மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டார். நாட்டின் பிரதமரே நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். அந்த மகனார், முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். தந்தையார், தோணித் தொழில் செய்து குடும்பம் காத்த ஜைனுலாப்தீன் அவர்கள்.

மகனாரின் வரலாற்றை நம் பிள்ளைகள் பாடமாகவே படிக்கின்றனர். தந்தையாரையோ நாம் அவ்வரலாற்றின் தொடக்கத்தில் கண்டு, வணக்கம் சொல்லிக் கடந்து விடுகின்றோம். அவரருகே சிறிது நேரம் நின்று பார்ப்பது நம் கடமையெனக் கருதுகின்றோம்.

மரக்கலம் செலுத்திய மரபினர் அவர்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இலங்கைக்கும் இடையே சரக்கு வாணிபம் செய்ததும், யாத்திரிகர்களைப் பாம்பனுக்கு ஏற்றி இறக்கியதும் அக்குடும்பத்தின் தொழில்கள். 1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. கடலுக்கு மேலே வண்டி ஓடத் தொடங்கியதும் கடலில் ஓடிய தொழில் நொடித்தது. 1920களுக்குள் சொத்துகள் கைவிட்டுப் போயின. பூர்வீக வீடு ஒன்றே எஞ்சியது. அவ்வீட்டில்தான், 1931 அக்டோபர் 15ஆம் நாள், ஆஷியம்மா அவர்களுக்கு அப்துல் கலாம் மகவாய்ப் பிறந்தார்.

செல்வம் போன வீட்டில் ஒழுங்கு போகவில்லை. வைகறைக்கு முன்னரே எழுந்து தொழுவார் ஜைனுலாப்தீன். பின்னர் ஏறத்தாழ நான்கு மைல் தொலைவிலிருந்த சிறு தென்னந்தோப்புக்கு நடந்தே செல்வார். பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் சுமந்து வீடு திரும்பிய பிறகே காலை உணவு. அறுபது வயதைத் தாண்டியும் இவ்வழக்கம் நிற்கவில்லை. பள்ளிவாசலில் இமாமாக நின்று தொழுகை நடத்திய அவருக்கு, இராமநாதசுவாமி கோவிலின் அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் நெருங்கிய நண்பர். நோயாளிகளுக்காக ஓதித் தரும்படி கிண்ணத்தில் நீருடன் மக்கள் வருவர். குணமானவர்கள் நன்றி கூற வந்தால், அந்நன்றியை அல்லாஹ்வுக்கே செலுத்துமாறு கூறியனுப்புவார்.

மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது தந்தையார் ஒரு பாய்மரத் தோணி கட்ட முனைந்தார். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வது அவர் திட்டம். உறவினர் அகமது ஜலாலுத்தீன் துணைக்கு வந்தார். கடற்கரையில், விறகுத் தீயின் வெப்பத்தில் மரங்கள் பதமாகித் தோணி உருப்பெறுவதைச் சிறுவன் கண்கொட்டாமல் பார்த்திருந்தான். தொழில் நன்றாகவே நடந்தது. ஆனால் ஒருநாள் வீசிய கொடும்புயல் அத்தோணியை அடித்துச் சென்றது. கைப்பட உருவாக்கிய வாழ்வாதாரம் கடலோடு போனது. ஆயினும் அவருடைய பொறுமை அதனோடு போய்விடவில்லை.

இழப்பு ஒரு சோதனை என்றால், பதவி மற்றொரு சோதனை. நாடு விடுதலை பெற்ற பின்னர் நடந்த தேர்தலில் அவர் இராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவரானார். ஒருநாள் அவர் தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில், யாரோ ஒருவர் துணியும் பழமும் இனிப்பும் கொண்ட தட்டொன்றை வீட்டில் வைத்துச் சென்றார். படித்துக் கொண்டிருந்த சிறுவன் விவரமறியாமல் அதற்கு இடங்கொடுத்து விட்டான். திரும்பி வந்த தந்தையார் கடுஞ்சினம் கொண்டு, வாழ்வில் முதன்முறையாக மகனை அடித்தார். பிறகு அழுத பிள்ளையின் தோளில் கைவைத்து, பதவியில் இருப்பவனுக்கு வரும் பரிசில் ஒரு நோக்கம் ஒளிந்திருக்கும் என்பதை எடுத்துரைத்தார். முதுமையிலும் கலாம் இந்நிகழ்ச்சியை மேடைகளில் சொல்லி வந்தார்.

அந்த நேர்மைக்கு விலை இல்லாமல் இல்லை. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் மகனுக்கு இடம் கிடைத்தபோது, சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. ஊர்த் தலைவராய் இருந்தவரிடம் அத்தொகை இல்லை! சகோதரி ஸொஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைச் சேர்த்தார். பரிசுத் தட்டுகளை ஏற்றுப் பழகிய வீடாக இருந்திருந்தால் அப்பணம் எளிதில் கிட்டியிருக்கலாம்; ஆனால் நாம் அறிந்த கலாம் கிட்டியிருப்பாரா?

பிரிவும் ஒரு விலையே. மகன் கலெக்டராக வேண்டும் என்பது தந்தையின் கனவு. எனினும், இராமநாதபுரத்து சுவார்ட்ஸ் பள்ளிக்குச் செல்ல அவன் அனுமதி கேட்டபோது, கடற்பறவையும் கூட்டை விட்டுத் தனியே பறக்கத்தானே வேண்டும் என்று சொல்லி விடைகொடுத்தார். தயங்கிய தாயையும் தேற்றினார். பின்னர் மகன் வேறு திசையில் சென்றபோதும் அவர் தடுக்கவில்லை.

1979 ஆகஸ்டு 10ஆம் நாள், கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தது. பல்லாண்டு உழைப்பைக் கடல் கொண்டு போயிற்று. அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18ஆம் நாள், அதே வகை ஏவுகலம் ரோகிணியை விண்ணில் நிறுத்தியது. தோணியை இழந்தும் கலங்காத ஒருவரைச் சிறுவயதிலேயே கண்ட மகனுக்கு, விழுந்த பின் எழுவது புதிய பாடமன்று. தம் அறிவியல் துறையில் தந்தையைப் பின்பற்றவே முயன்றதாகக் கலாமே எழுதியுள்ளார். அவ்வெற்றியைக் காணத் தந்தையார்தாம் இல்லை.

நம் வீடுகளிலும் இத்தகைய தந்தையர் உண்டு. கடை திறந்து, வலை இழுத்து, தறி நெய்து, ஹலாலான வருவாயில் பிள்ளைகளை ஆளாக்கியோர் அவர்கள். அவர்கள் பெயரை எந்த நாளிதழும் எழுதியிராது. பிள்ளைகளின் நடத்தையில்தான் அது எழுதப்பட்டிருக்கும். அதனை அழியாமல் காப்பது நம் பொறுப்பு. அவர்கள் அனைவரின் கப்ரையும் வல்ல இறைவன் ஒளிமயமாக்குவானாக!