கட்டையும் கையும்

ப்ளூஸுக்கு உகந்த கிதார்க் கட்டை எது என்ற விவாதத்தில் ஒரு காலத்தில் எனக்கும் ஈடுபாடு இருந்தது. ஆஷ் கூர்மை, மஹோகனி கனிவு என்று சொல்லித் திரிந்தேன். சரித்திரம் என்னைத் திருத்தியது.

மிஸிஸிப்பி டெல்டாவில் ஏழைக் கறுப்பினச் சிறுவர்கள் துடைப்பக் கம்பியை வீட்டுச் சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டி வாசித்தார்கள். சுவர்ப் பலகை என்ன மரம் என்று எவரும் கேட்கவில்லை. 1943இல் ஷிகாகோ போன மடி வாட்டர்ஸ் மின்கிதாருக்கு மாறியது, மதுக்கடை இரைச்சலை மீறிக் கேட்பதற்காக. உள்ளே கூடாக இருந்த கிதார்கள் ஒலியைக் கூட்டியதும் ஊளையிட்டன. கெட்டிக் கட்டைக்கு அவசியம் வந்தது அதனால்தான்.

ஃபெண்டரின் முதல் மாதிரி பைன். 1950இல் விற்பனைக்கு வந்த பிராட்காஸ்டர் ஆஷ். 1956இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியது. ஆஷைப் போல் நுண்துளைகளை அடைத்து மெருகிடும் வேலை அதில் இல்லை. கிப்ஸன் 1952இல் மஹோகனி மேல் மேப்பிளை ஒட்டியது. ஆல்பர்ட் கிங்கின் ஃப்ளையிங் வி ஆப்பிரிக்க லிம்பா. பி. பி. கிங்கின் லூஸில் மேப்பிள் ஒட்டுப்பலகை. எல்லாவற்றிலும் ப்ளூஸ் பிறந்தது.

காந்தச் சுருள் பிடிப்பது கம்பியின் அதிர்வை. மரம் அதைச் சற்று மாற்றலாம். விரல் மாற்றுவது அதிகம்.

துளைவண்டு ஆஷ் மரங்களை அழித்துவர, 2020இல் ஃபெண்டர் தன் வழக்கமான தயாரிப்புகள் பெரும்பாலானவற்றில் ஆஷைக் கைவிடுவதாக அறிவித்தது. ப்ளூஸின் குரலே போயிற்று என்று புலம்பியவர்கள் உண்டு. அந்த மனிதர்களின் கைக்கு உரியதை மரத்துக்குத் தாரை வார்க்க நமக்கு ஏன் இத்தனை அவசரம்? கட்டை விலைக்குக் கிடைக்கும், கை கிடைக்காது என்பதாலா?