கீசக வதம் எங்கே போச்சு?

போன மாசம் தர்மபுரியில் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். கேமரா கார்டு நிறைந்ததும் லேப்டாப்பில் காப்பி பண்ணினேன். திறந்துகூடப் பார்க்காமல் கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். இரண்டு ஃபைல் பாதியில் நின்றிருந்தது. பாட்டி பேசியது அதில்தான்.

அந்த எரிச்சலில் தேடியபோது கிடைத்தவர் நடராஜ முதலியார். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசக வதம்’ எடுத்தவர் (1917 என்றும் 1918 என்றும் சொல்கிறார்கள்). ஷூட்டிங் சென்னையில், பிலிம் கழுவும் லேப் பெங்களூரில்! அங்கே குளிர்ச்சி என்பதால். வாரக் கடைசியில் போய்க் கழுவிவிட்டு, திங்கட்கிழமை திரும்பி மறுபடி ஷூட்டிங். இவ்வளவு பொறுப்பாகப் பார்த்த படம் இன்று இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் தானாகவே சிதையும், எளிதில் தீப்பற்றும். 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ கதியும் அதுதான். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்.

வேடிக்கையைக் கேளுங்கள். பக்கத்துத் திருவிதாங்கூரில் 1933-ல் வந்த மௌனப்படம் ‘மார்த்தாண்ட வர்மா’. மூல நாவலைப் பதிப்பித்த கமலாலயா புக் டெப்போ காப்புரிமை வழக்குப் போட்டது. படம் முடங்கி, பிரதி அவர்களிடமே கிடந்தது. 1974-ல் அதைக் காப்பகம் வாங்கியது. நன்றாக ஓடியிருந்தால் தேய்ந்தே அழிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு இடத்தில் எழுதணும் என்று காமர்ஸில் முதல் வருஷமே சொல்லித் தந்தார்கள்... ஃபைலுக்கு அது தோணவில்லை! இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று சேலத்தில் அக்கா வீட்டில். இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஃபார்மட்.

பாட்டி பேசியது இன்னும் கிடைக்கவில்லை. மாமாவின் மொபைலில் தேடிக்கொண்டிருக்கிறோம்.