ஒரு டாலருக்குப் பாய்மரப் படகு



பாய்மரப் படகு விடுவது பணக்காரர் விளையாட்டு என்போம். அமெரிக்காவின் பாஸ்டனில் கதை வேறு.

1910இல் சார்லஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டியதும், கடல் ஏற்றவற்றம் நின்று ஆறு ஏரிபோல ஆனது. கரையோரம் வெஸ்ட் எண்ட். யூதர், இத்தாலியர் எனக் குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அந்தப் பிள்ளைகளுக்காக 1930களில் ஜோசப் லீ படகுப் பயிற்சி தொடங்கினார். 1946இல் அது 'கம்யூனிட்டி போட்டிங்' என்ற முறையான அமைப்பானது. சிறுவர்களுக்குப் பல ஆண்டுகள் கட்டணம் ஒரே ஒரு டாலர்! (நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், நியாயம்தானே?)

ஆனால் 1958இல் நகரச் சீரமைப்பு என்று சொல்லி வெஸ்ட் எண்டையே இடிக்கத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிதறின. படகுத்துறை இன்றும் அதே கரையில் நடக்கிறது. எந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார்களோ, அவர்கள் வாழ்ந்த தெருக்கள்தான் இல்லை.