தலைவலி எல்லாம் சைனஸ் அல்ல

புகைமூட்டம் வந்தால் மந்தின் வட்டாரத் தோட்டங்களுக்குத் தலைவலியும் கூடவே வரும். நெகிரி செம்பிலானில் பள்ளிகளையே மூட வைத்த 2015-ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மூக்கடைப்பு, தும்மல், நெற்றியில் பாரம். "சைனஸ்தான்" என்று கோடாலித் தைலத்தைத் தேய்த்து, இரண்டு பெனடோலை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள்.

ஒவ்வாமைக்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டு. வீட்டுத் தூசியும் பூஞ்சையும் மூக்கின் உட்சவ்வை வீங்கச் செய்யும். புகை அதை மேலும் உறுத்தும். சைனஸ் அறைகளின் வழி அடைபட்டால் முகம் கனக்கும். ஆனால் ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும். குழப்பமே அங்குதான். சைனஸ் தலைவலி என்று நம்பியிருந்த 2,991 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், 88 விழுக்காட்டினருக்கு ஒற்றைத் தலைவலிக்குரிய அறிகுறிகளே காணப்பட்டன. குமட்டலும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத நிலையும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை எடுத்தால், மாத்திரையே தலைவலியைத் தரலாம். காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் டிங்கியாக இருக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம், கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இடி விழுந்தாற்போல் திடீர் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் குழறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 999-ஐ அழைக்கலாம், சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் அவசரப் பிரிவு உண்டு.