மரத்தோணியிலிருந்து கண்ணாடியிழைக்கு: ஒலுவில் கரையின் படகுகள்

கல்முனை தொடக்கம் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் கரையில் இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. வங்காள விரிகுடாவின் அலை திறந்த மணற்கரையில் வந்து உடைகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். கச்சான் காலத்தில் அடங்கும். இக்கரையில் தொழில் செய்பவனின் படகு அலையைப் பிளந்து கடலுக்குள் செல்லவேண்டும். திரும்பி வந்ததும் மணலில் ஏறவேண்டும். எந்தப் பொருளால் படகு கட்டுவது என்ற கேள்விக்கு இங்கே விடை கூறி வந்தது கடலைவிடக் கரையே என்பது, இவ்வூர்களைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வரும் எனது கருத்து.

மிகப் பழைய விடை தெப்பம். பாரமற்ற மரக்கட்டைகளைச் சீவி, அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைப்பார்கள். தமிழகத்தில் அதன் பெயர் கட்டுமரம். ஆங்கிலத்துக்குச் சென்று உலகெங்கும் வழங்கும் சொல்லும் அதுவே. அடித்த அலை கட்டைகளின் இடுக்கால் வடிந்துவிடும். ஆகவே மூழ்கும் என்ற அச்சமில்லை. ஆனால் மரம் நீரை உறிஞ்சிப் பாரமாகும் என்பதால் அதனைக் கரையேற்றி உலர விடவேண்டும்.

அடுத்தது வள்ளம். பெருமரமொன்றைக் குடைந்து செய்வது. மலையாளக் கரையில் இவ்வாறு குடையப்பட்ட வள்ளங்கள் இலங்கைக்கு இறக்குமதியாயின. இலங்கையின் மீன்பிடிக் கலங்கள் பற்றி 1943இல் விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஹோர்னெல், தமிழ்க் கரைகளின் கலங்களையும் சிங்களக் கரைகளின் கலங்களையும் ஒப்பிட்டுப் பதிவு செய்திருக்கிறார். சிங்கள மீனவரின் ‘ஒருவ’ பக்கமிதவை கொண்டது. குடைந்த மரத்தின் ஒடுக்கத்தால் வரும் தள்ளாட்டத்தை அம்மிதவை தடுத்தது.

மூன்றாவது, பலகைகளால் கட்டிய கரைவலைத் தோணி. வலையின் பாரத்தைத் தாங்கும் அகலமும் மணலில் ஏறக்கூடிய அடிப்பாகமும் அதற்கு வேண்டும். சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன் கப்பல்களிலிருந்து ஆட்களையும் பொருட்களையும் கரைசேர்த்த மசூலாப் படகுகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை மோதும்போது இறுகிய உடல் உடையும், நெகிழ்ந்த உடல் தாங்கும் என்பதை அத்தச்சர்கள் அறிந்திருந்தனர்.

மரத்தோணிக்குப் பராமரிப்பு ஓயாத வேலை. மரத்தைத் துளைக்கும் கடற்புழு ஒருபுறம், வெயிலில் பலகை வெடிப்பது மறுபுறம். எண்ணெய் பூசவேண்டும், மூட்டுக்களை அடைக்கவேண்டும், உளுத்த பலகையை மாற்றவேண்டும். இத்தனைக்கும் தேவையான கைவினை ஊரிலேயே இருந்தது. ஓடாவி என்ற சொல்லை இப்பகுதி மக்கள் நன்கறிவர். தோணி பழுதானால் ஓடாவியைக் கூப்பிடலாம். பலகையின் தரத்தைத் தோணிக்காரன் தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மாற்றம் அரசாங்கத்தின் வழியாக வந்தது. 1958 அளவில் மீன்பிடித் திணைக்களம் 28 அடி நீளமான, மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை அறிமுகம் செய்தது. அவையும் மரத்தால் ஆனவையே. ஆயினும் அவற்றை மணலில் இழுத்தேற்ற இயலாது; நங்கூரமிட ஒதுக்கிடம் வேண்டும். ஒலுவில் போன்ற திறந்த கரைக்கு அவற்றால் பெரிய பயன் விளையவில்லை.

பயன் விளைந்தது கண்ணாடியிழையால். 1940களில் அமெரிக்காவில் படகு கட்டப் பயன்படத் தொடங்கிய இப்பொருள், 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கையில் பரவியது. நோர்வே உதவியுடன் 1967இல் காரைநகரில் ஆரம்பமான சீநோர் நிறுவனத்தை இவ்வரலாற்றில் மறக்க முடியாது. பின்னர் போரின் காரணமாக அதன் பணிகள் கொழும்பு மட்டக்குளிக்கு நகர்ந்தன. 17, 18 அடிப் படகு, பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரம். கரைக்கு வந்ததும் இயந்திரத்தைச் சாய்த்து உயர்த்திவிட்டுச் சிலர் சேர்ந்து படகை மணலில் ஏற்றிவிடலாம். புழு தின்னாது, உளுக்காது, பெருமரம் தேடவேண்டியதில்லை, ஒரே அச்சில் எத்தனை படகுகளையும் வார்க்கலாம். இத்தனை நன்மைகள் இருக்கையில் மரம் தோற்றதில் வியப்பில்லை.

ஆயினும் மாற்றுவழி ஒன்று இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டத்தில், கட்டுமரத்துக்கான மரம் அருகிவந்த வேளையில், பெல்ஜியத்தவரான பியர் ஜில்லே மீனவருடன் சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். பலகைகளைத் தைத்து ஒட்டும் முறை அது. பெரிய அச்சோ தொழிற்சாலையோ இன்றி ஊரிலேயே கட்டலாம், ஊரிலேயே பழுதுபார்க்கலாம். எமது கரையில் அவ்வழி வேரூன்றவில்லை.

கண்ணாடியிழையில் ஒரு மறைவான ஆபத்து உண்டு. இழைப்பாயை அடுக்கடுக்காக விரித்துப் பிசின் ஊற்றி இறுகச் செய்கிறார்கள். அடுக்கு குறைந்தாலும், பிசினும் அதனை இறுக்கும் மருந்தும் சரியான அளவில் கலக்கப்படாவிட்டாலும், இடையில் காற்றுக்குமிழ் தங்கினாலும் வெளிப்பூச்சு பளபளவென்றே இருக்கும். குற்றத்தைக் காட்டுவது கடல்தான்.

2004 டிசம்பர் 26ஆந் திகதிக்குப் பின் இவ்வாபத்து வெளிப்பட்டது. சுனாமியால் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் 10,000 பேருக்கும் மேல். நாட்டின் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதி அழிந்தது அல்லது சேதமுற்றது. உதவி நிறுவனங்கள் படகு வழங்கப் போட்டியிட்டன. எண்ணிக்கையே சாதனையாகிவிட்ட அவசரத்தில் தரம் குறைந்த படகுகளும் கரைக்கு வந்தன. ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் நிபுணர்கள் இதனைச் சுட்டிக்காட்டினர். தோணியைத் தட்டிப் பார்த்து வாங்கிய சமூகம், யாரோ ஒருவர் கட்டி யாரோ ஒருவர் கொடுத்த படகில் உயிரை வைத்துக் கடலுக்குப் போகவேண்டியதாயிற்று.

இறுதியாகக் கரையே மாறியது. அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவாயிருந்த ஒலுவில் துறைமுகம், டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் ஆரம்பிக்கப்பட்டு 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. நங்கூரமிட இடம் கிடைத்தால் பல நாள் கலங்களையும் வைத்திருக்கலாம் என்று மக்கள் நம்பினர். ஆனால் இக்கரையில் மணல் வடக்கு நோக்கி நகரும் இயல்புடையது. அலைதடுப்பு அதனைத் தடுத்தது. துறைமுகத்தின் வாயில் மணலால் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பகுதிகளில் கடல் தென்னந்தோட்டங்களை அரித்தது. படகை ஏற்றிவைக்கும் மணலும் அத்துடன் போயிற்று. பெரிய படகுக்கு வாயில் இல்லை. சிறிய படகுக்குக் கரை இல்லை.

இன்னொன்றும் உண்டு. தெப்பம் உக்கி மண்ணாகும். உடைந்த தோணி அடுப்புக்கு விறகாகும். உடைந்த கண்ணாடியிழைப் படகு எதற்கும் ஆகாமல் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

மீண்டும் மரத்துக்குத் திரும்புவோம் என்று நான் வாதிடவில்லை. அதற்கு வேண்டிய மரமும் இல்லை, ஓடாவிகளும் அருகிவிட்டனர். நான் கேட்பது சிறிது. படகு கொடுப்பவர்கள், அதன் அடுக்குகளையும் தடிப்பையும் எழுத்தில் தரவேண்டும். கண்ணாடியிழையைப் பழுதுபார்க்கும் பயிற்சி ஊர் இளைஞர்களுக்குக் கிடைக்கவேண்டும். கரையில் ஒரு கல்லை வைக்குமுன், அக்கரையில் எந்தப் படகு ஏறி இறங்குகிறது என்று மீனவரிடம் கேட்கவேண்டும். தைத்த படகைக் கண்டுபிடித்தவர்களின் வழிவந்தோருக்கு அதற்கான விடை தெரியும்.