ஆளுக்கொரு ஷார்ட்கட்: எடிட்டரின் விசைகளுக்கு ஒழுங்கு வந்த கதை

1/
இன்னைக்கு மருந்து, மாத்திரை எதுவும் இல்லை. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் விரல் வலி. நீளமான இழைதான், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். காப்பி பண்ண கண்ட்ரோல்+சி. காப்பிக்கு "சி", சரி. பேஸ்ட் பண்ண மட்டும் ஏன் "வி"? "பி" இருக்கே? இதை யார் முடிவு பண்ணினாங்க? உங்க எடிட்டரில் நீங்களே ஷார்ட்கட் வைக்கும்போது எதை எந்த விசையில் வைக்கணும்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?

2/
ஒரு டாக்டர் ஏன் இதைப் பேசணும்? ரெண்டு காரணம்.

ஒண்ணு, மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போகுதுன்னு வர்றவங்களில் நாள் முழுக்க டைப் பண்றவங்க நிறைய.

ரெண்டாவது, எங்க வார்டில் இருக்கும் அவசர மருந்து வண்டி. கிராஷ் கார்ட்டுன்னு சொல்வோம். மேல் தட்டில் அட்ரினலின்னா எல்லா வார்டிலும் மேல் தட்டில்தான் இருக்கணும். ஒவ்வொரு வார்டும் தன் வசதிக்கு மாத்தி அடுக்கினா, அந்த வார்டுக்காரங்களுக்குச் சுகம். பக்கத்து வார்டிலிருந்து ஓடி வர்ற டாக்டருக்குக் கை தடுமாறும். இதயம் நின்ன நோயாளிக்கு அந்தத் தடுமாற்றத்துக்கு நேரம் கிடையாது.

தன் வசதியா, பொது ஒழுங்கா? இதே சண்டை அரை நூற்றாண்டுக்கு முன்னாடி ஒரு டெக்ஸ்ட் எடிட்டருக்குள்ள நடந்தது.

3/
இடம்: எம்.ஐ.டி. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லீங்க, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது. அங்கே செயற்கை நுண்ணறிவு ஆய்வகம். காலம்: 1970-கள்.

அவங்க பயன்படுத்திய எடிட்டரின் பெயர் டெக்கோ. 1960-களின் தொடக்கத்தில் டான் மர்ஃபி எழுதியது. காகித நாடாவில் துளை போட்டு புரோகிராம் வைத்திருந்த காலத்தில், அந்த நாடாவைத் திருத்தப் பிறந்த கருவி.

இன்னைக்கு மாதிரி எழுத்தைத் தட்டினா எழுத்து விழாது. தட்டுற ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. இத்தனை எழுத்து தள்ளிப் போ, இந்தச் சொல்லைத் தேடு, அந்த வரியை அழி, இப்படிப் போகும். உங்க பெயரை டெக்கோவில் கட்டளையாத் தட்டினா என்ன ஆகும்னு ஊகிக்கிறது அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு விளையாட்டாகவே இருந்திருக்கு!

4/
பிறகு ரெண்டு மாற்றம் வந்தது.

முதல் மாற்றம்: கார்ல் மிக்கெல்சன் என்பவர் டெக்கோவில் ஒரு திரை முறையைச் சேர்த்தார். விசையைத் தட்டத் தட்ட, திருத்தம் திரையில் உடனே தெரியும்.

ரெண்டாவது மாற்றம்தான் நம்ம கதைக்கு முக்கியம். ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்த முறையை வேகமாக்கினார். கூடவே, எந்த விசையைத் தட்டினாலும் நாமே எழுதிய ஒரு குட்டி டெக்கோ புரோகிராம் ஓடும்படி வழி செய்தார். அதாவது மேக்ரோ. இன்னைக்கு நீங்க எடிட்டரில் "கஸ்டம் ஷார்ட்கட்" வைக்கிறீங்களே, அதுக்குப் பாட்டன் இதுதான்.

5/
அப்புறம் என்ன? திருவிழாதான். ஆளாளுக்கு மேக்ரோ எழுத ஆரம்பிச்சாங்க. டெக்மேக், டிமேக்ஸ் என்று தொகுப்புகள் கிளம்பின. ஒருத்தர் எடிட்டரில் வரியை அழிக்கும் விசை, இன்னொருத்தர் எடிட்டரில் வேறு ஏதோ வேலை செய்யும்.

விளைவை யோசிச்சுப் பாருங்க. பக்கத்து மேஜைக்காரர் "இந்த இடத்தில் தப்பு வருது, கொஞ்சம் பாரேன்" என்கிறார். நீங்க போய் உட்கார்ந்து பழக்கத்தில் ஒரு விசையைத் தட்டுறீங்க. அவர் எழுதினது காணாமப் போகுது!

ஒரே அறை, ஒரே கணினி, ஒரே எடிட்டர். ஆனாலும் ஒருத்தர் இருக்கையில் இன்னொருத்தர் உட்கார முடியாது. வார்டுக்கு வார்டு வேற மாதிரி அடுக்கிய கிராஷ் கார்ட்!

6/
1976-ல் இதைச் சரிபண்ணக் கிளம்பியவர் கை ஸ்டீல். அப்போ அவர் மாணவர்.

அவர் செய்த வேலையைப் பாருங்க. தானே ஒரு பட்டியல் போட்டு "இனி இதுதான் சட்டம்"னு ஒட்டவில்லை. காகிதமும் கையுமா ஆய்வகத்தில் ஒவ்வொருத்தரிடமும் போனார். நீ இந்த விசைக்கு என்ன வச்சிருக்க, எதுக்காக, இதை அங்கே மாத்தினா உனக்குச் சரியான்னு கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் ஓரளவு ஒத்துப்போகும் ஒரு வரைபடத்தை உருவாக்கினார்.

பிறகு ஸ்டீலும் ஸ்டால்மனும் சேர்ந்து உட்கார்ந்தாங்க. அதைத் தொடர்ந்து எழுதி முடித்தவர் ஸ்டால்மன். பெயர் "எடிட்டிங் மேக்ரோஸ்", சுருக்கி ஈமாக்ஸ். இன்னைக்கும் உயிரோட இருக்கும் எடிட்டர்.

7/
அந்த வரைபடத்தின் அழகு என்ன தெரியுமா? அதுக்குள்ள ஓர் இலக்கணம் இருக்கு.

கண்ட்ரோல்+எஃப்: ஓர் எழுத்து முன்னால் போ. மெட்டா+எஃப்: ஒரு சொல் முன்னால் போ.
கண்ட்ரோல்+பி: ஓர் எழுத்து பின்னால். மெட்டா+பி: ஒரு சொல் பின்னால்.
கண்ட்ரோல்+டி: ஓர் எழுத்தை அழி. மெட்டா+டி: ஒரு சொல்லை அழி.

புரியுதா? கண்ட்ரோல்னா சின்ன அளவு, மெட்டான்னா அதைவிடப் பெரிய அளவு. எழுத்து செயலைச் சொல்லுது, கூட அழுத்தும் விசை அளவைச் சொல்லுது. (உங்க கீபோர்டில் மெட்டா இல்லைன்னா ஆல்ட்டை வச்சுக்குங்க.) ஆறையும் தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டாம். மூணு எழுத்தும் ஒரு விதியும் போதும்.

8/
ஒழுங்கு வந்துட்டா சொந்த விருப்பத்துக்கு இடமில்லையா? இருக்கு. ஸ்டால்மன் 1981-ல் ஈமாக்ஸ் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, விரிவாக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், தன்னைத்தானே விளக்கும் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் சொன்னார்.

மூணாவதைக் கவனிங்க. ஒரு விசை என்ன செய்யும்னு எடிட்டரையே கேட்கலாம். கண்ட்ரோல்+எச், அப்புறம் கே, அப்புறம் சந்தேகப்படும் விசை. விளக்கம் திரையில் வந்துடும். நீங்க மாத்தி வச்ச விசைக்கும் அதே பதில் வரும்.

இன்னைய ஈமாக்ஸில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. கண்ட்ரோல்+சி தட்டி, பிறகு வெறும் ஓர் எழுத்து என்றால், அது முழுக்கப் பயனருக்கு ஒதுக்கிய இடம். கூடவே எஃப்5 முதல் எஃப்9 வரை. புதுசா நீட்சி எழுதுறவங்க அதில் கை வைக்கக் கூடாதுன்னு விதி. பொதுச் சாலை எல்லாருக்கும், வீட்டு முற்றம் உங்களுக்கு. ரெண்டுக்கும் நடுவில் ஒரு வேலி.

9/
அதே 1970-களின் பிற்பாதி. அமெரிக்காவின் மறுகோடியில் பெர்க்லி பல்கலைக்கழகம். அங்கே பில் ஜாய் எழுதிய எடிட்டர் விஐ. அதில் கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் விசைகள். ஏன் அந்த நாலு?

அவர் வேலை பார்த்தது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில். அதன் விசைப்பலகையில் அந்த நாலு எழுத்து மேலேயே அம்புக்குறி அச்சடிச்சிருக்கும்! எஸ்கேப் விசையும் இன்னைக்கு டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதனால்தான் விஐயில் மூச்சுக்கு முந்நூறு தடவை எஸ்கேப் தட்டுவது அன்னைக்குச் சிரமமாத் தெரியலை.

பிறகு 1991-ல் பிராம் மூலினார் வெளியிட்ட விம் எடிட்டரில் "லீடர்" என்று ஒரு விசை வந்தது. முதலில் லீடர், அப்புறம் உங்க எழுத்து. ஈமாக்ஸின் அதே வேலி, வேற ஊரில்.

10/
இப்போ முதல் கேள்விக்கு வருவோம். பேஸ்ட்டுக்கு ஏன் வி?

கட், காப்பி, பேஸ்ட் முறையை 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவாக்கியவர்களில் லாரி டெஸ்லர் முக்கியமானவர். பிறகு அவர் ஆப்பிளுக்குப் போனார். அங்கே லிசா, மேக்கின்டாஷ் கணினிகளில் இசட், எக்ஸ், சி, வி விசைகள் இந்த வேலைகளுக்கு வந்தன.

உங்க கீபோர்டைக் குனிந்து பாருங்க. நாலும் கீழ் வரிசையில், இடது ஓரத்தில், பக்கத்து பக்கத்தில். வலது கை மௌஸில் இருக்கும்போது இடது கை நகராமலே நாலையும் தட்டலாம்.

ஈமாக்ஸ்காரர்கள் பெயரை வச்சு அடுக்கினாங்க. இவங்க கையை வச்சு அடுக்கினாங்க. ரெண்டும் ஒழுங்குதான்.

ஐபிஎம் 1987-ல் தன் பொது விதிகளில் வேற ஜோடிகளைச் சொன்னது. ஷிஃப்ட்+டெலீட்டுக்கு கட், கண்ட்ரோல்+இன்சர்ட்டுக்கு காப்பி, ஷிஃப்ட்+இன்சர்ட்டுக்கு பேஸ்ட். பல விண்டோஸ் நிரல்களில் இன்னைக்கும் வேலை செய்யும், தட்டிப் பாருங்க. ஆனா மக்கள் கை எந்தப் பக்கம் போச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

11/
இனி என் துறை. ஈமாக்ஸ் வளர்ந்த எம்.ஐ.டி. விசைப்பலகைகளில் கண்ட்ரோல் விசை ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில், ரெண்டு பக்கமும் இருந்தது. கட்டைவிரலுக்கு அருகில். முதல் ஐபிஎம் பிசிக்களில் அது "ஏ" எழுத்துக்கு இடப்பக்கம் இருந்தது. 1980-களின் நடுவில் வந்த 101 விசைப் பலகையில் அந்த இடத்துக்கு கேப்ஸ் லாக் வந்தது, கண்ட்ரோல் கீழ் மூலைக்குப் போயிடுச்சு.

ஷார்ட்கட் பட்டியல் மாறலை. விசையின் இடம் மட்டும் மாறிச்சு. கட்டைவிரல் பக்கம் இருந்த சுமை சுண்டுவிரலுக்கு இறங்கியது. மணிக்கட்டை வெளிப்பக்கம் வளைத்து, சுண்டுவிரலை மடக்கி, நாளுக்குப் பல நூறு தடவை. இந்த வலிக்கு "ஈமாக்ஸ் பிங்கி"ன்னு பெயரே வந்துடுச்சு.

12/
ஸ்டால்மனுக்கே 1990-களின் நடுவில் கை வலி வந்தது. நாளின் பெரும்பகுதி ஒரே விரலால்தான் டைப் பண்ண முடிஞ்சது, சில மணி நேரம் டைப் பண்ண ஆள் வச்சாங்கன்னு அவரே சொல்லியிருக்கார். சில வருஷம் கழிச்சுத்தான் அவருக்குக் காரணம் தெரிஞ்சது: அழுத்தமான விசைகள் கொண்ட விசைப்பலகை. லேசான விசைகளுக்கு மாறியதும் பெரும்பாலும் சரியாயிடுச்சு.

இங்கே ஒரு தெளிவு. எல்லாக் கை வலியும் கார்பல் டனல் கிடையாது. அந்தக் குகைக்குள் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பு போகுது. அது நசுங்கினா கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும், அதுவும் ராத்திரியில் அதிகமா. சுண்டுவிரல் மரத்தால் அது அல்நார் நரம்பின் பிரச்சனையா இருக்கலாம். டைப் பண்றது மட்டுமே கார்பல் டனலைத் தரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம், உடல் பருமன் இவற்றையும் பார்க்கணும். மரப்பு நீடித்தாலோ, பிடி தளர்ந்தாலோ, கீபோர்டை மாத்திட்டுச் சும்மா இருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க.

13/
இந்த வரலாற்றிலிருந்து உங்க எடிட்டருக்கு என்ன எடுத்துக்கலாம்?

அ) எல்லாரும் பயன்படுத்தும் விசைகளை மாத்தாதீங்க. உங்க எடிட்டரில் கண்ட்ரோல்+எஸ் வேற வேலை பண்ணினா, அடுத்தவர் கணினியில் உங்க விரல் பொய் சொல்லும். பழகிய அசைவு விரலில் இல்லை, மூளையில் ஆழமாப் பதிஞ்சிருக்கு. அழிச்சு எழுதுவது கஷ்டம்.

ஆ) உங்களுக்குன்னு ஒரு முன்விசை வையுங்க. உங்க ஷார்ட்கட் எல்லாம் அதுக்குப் பின்னால் வரட்டும்.

இ) குடும்பமா அடுக்குங்க. தேடுவதெல்லாம் ஒரு எழுத்தின் கீழே, ஃபைல் வேலையெல்லாம் இன்னொன்றின் கீழே.

ஈ) அடிக்கடி செய்யும் வேலைக்கு மட்டும் எளிய விசை. மாசத்துக்கு ஒரு தடவை செய்வதை மெனுவிலேயே விடுங்க.

உ) எல்லாத்தையும் ஒரே ஃபைலில், ஏன் வச்சோம்னு ஒரு வரிக் குறிப்போட எழுதுங்க. விஎஸ் கோடில் கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+எஸ் தட்டினா முழுப் பட்டியலும் வரும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை பாருங்க, பயன்படாததை அழிங்க.

ஊ) கண்ட்ரோலை ஒரு கையாலும் எழுத்தை மறு கையாலும் தட்டுங்க. கேப்ஸ் லாக்கை கண்ட்ரோலா மாத்தினா சுண்டுவிரல் உங்களை வாழ்த்தும்.

14/
கடைசியா ஒண்ணு. ஈமாக்ஸ் அன்னைக்கு இருந்த மேக்ரோக்களில் ஆகச் சிறந்தது என்பதால் மட்டும் நிலைத்ததுன்னு எனக்குத் தோணலை. தன் மேஜையில் பழகின விசையை ஒவ்வொருத்தரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாங்க. பதிலுக்கு எந்த மேஜையிலும் உட்காரும் உரிமை எல்லாருக்கும் கிடைச்சது. கேட்டுட்டு மாத்தின ஒழுங்குக்கு ஆயுசு அதிகம். எங்க வார்டு வண்டிக்கும் அதுதான் விதி: நர்ஸ்களைக் கேட்காம அடுக்கினா ஒரே வாரத்தில் பழையபடி ஆயிடும்.

நீங்க வச்சிருக்கும் சொந்த ஷார்ட்கட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? ஏன் அந்த விசை? கமென்ட்டில் சொல்லுங்க. இதுவரை டைப் பண்ணின கையை ரெண்டு நிமிஷம் உதறிட்டு அப்புறம் எழுதுங்க.