தருமபுரியிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

பல்கலைக்கழகத்திற்குப் 'போய்வருதல்' என்பது தருமபுரி வட்டாரத்தில் அண்மைக் காலத்து வழக்கம். அதற்கு முன் இருந்தது 'போய்விடுதல்'. மாணவர்களே, இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய நூறாண்டு என்பேன்.

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. பட்டம் விரும்பிய இளைஞன் சேலத்திலோ சென்னையிலோ தங்கிக் கற்றான். சென்னை இரயில் பாதையோ தருமபுரியைத் தொடாமல் மொரப்பூர் வழியே சென்றது. 1906-இல்தான் மொரப்பூரையும் தருமபுரியையும் இணைத்து, இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறும்பாதை வந்தது. பஞ்சத்திலிருந்து மக்களைக் காக்க அரசினர் அமைத்த பாதை அது. படிப்பவனை நினைத்து அமைத்ததன்று. எனினும் படிக்கப் புறப்பட்டவனுக்கும் அது பயன்பட்டிருக்கும். 1941-இல், உலகப் போரின் நடுவே, அதுவும் மூடப்பட்டது.

1965-இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அவ்வாண்டே அங்கு அரசு கலைக்கல்லூரியும் பிறந்தது. பட்டம் சென்னையுடையது, படிப்போ உள்ளூரில். வீட்டில் உண்டு, காலையில் புறப்பட்டு, மாலையில் திரும்பலாம். மகளை விடுதிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர் பேருந்தில் அனுப்ப இசைந்தனர். பெண் கல்விக்குப் பேருந்து செய்த உதவியை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியது. கருப்பூரில், பெங்களூர் நெடுஞ்சாலையின் மேலேயே அது அமைந்தது தருமபுரியார்க்கு நற்பேறு. சேலம் பேருந்தில் ஏறி, நகரத்தை அடையுமுன்பே இறங்கிவிடலாம். இடையில் தொப்பூர்க் கணவாய் மட்டும் உண்டு. அங்கு ஒரு லாரி கவிழ்ந்தால் முதல் வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான். பின்னர்ப் பல்கலைக்கழகமே தருமபுரியை அடுத்த பைசுஅள்ளியில் முதுகலை மையமொன்றைத் திறந்தது. இம்முறை பயணம் செய்தது பல்கலைக்கழகம்!

2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. சிற்றூரிலிருந்து தருமபுரிக்கு வரும் மாணவிக்கு இது பெருந்துணை. கருப்பூர் வரை செல்பவளுக்கு வெளியூர்ப் பேருந்துக் கட்டணம் உண்டு. கட்டணத்தைவிட நேரமே அவளை நெருக்குகிறது. தருமபுரியில் இறங்கிய பின் தன் ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஆகவே நூலகம் திறந்திருக்கும்போதே அவள் புத்தகத்தை மூடி எழுகிறாள்.